சூடேறும்போது உறையும் தண்ணீர்

என் உப்பு ஓடும். கல்லுப்பு மாதிரி விரலில் நெருடாது. சீசாவைச் சாய்த்தால் விளக்கெண்ணெய் போலச் சோம்பலாக இறங்கி வரும். லேசான மஞ்சள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அயனித் திரவம் என்று தமிழில் சொல்லலாம். சோற்றுப்பு போல இதிலும் நேர்மின் அயனி ஒன்று, எதிர்மின் அயனி ஒன்று என்று ஜோடி ஜோடியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அயனிகள் பெரிசு பெரிசாக, கோணல்மாணலாக இருப்பதால் வரிசைகட்டி உட்கார முடிவதில்லை. அதனால் சாதாரண அறையிலேயே திரவமாகத் திரிகிறது. இந்த உப்பைத் தண்ணீரோடு கலந்து, கடுங்குளிருக்குக் கொண்டுபோனால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் மராட்டி ஊரில் பாஷாண் பக்கம் ஒரு லேபில் எனக்கு வேலை. பிஎச்.டி. என்று சொல்லக் கூச்சமாக இருக்கிற வயசாகிவிட்டது, அதனால் வேலை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இதை முதல்முறை வீட்டில் விளக்கியபோது அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உப்பு எப்படிடி எண்ணெயாட்டம் ஓடும்? யாரோ உன்னை நல்லா ஏமாத்தினு இருக்காங்க" என்றாள். அதற்குப் பிறகு சந்தில் யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான். "எம்பொண்ணா? பெரிய படிப்பு. உப்புத்தண்ணிய ஐஸ் பொட்டியில வச்சிட்டு, அது எப்ப கெட்டியாவும்னு பாத்துகினு உக்காந்திருக்கா." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் என் ஆராய்ச்சியை அவ்வளவு சுருக்கமாக நானே யாருக்கும் சொன்னதில்லை.

அம்மாவின் வாய் கட்கி பஜாருக்குப் பின்னால் எங்கள் சந்து முழுக்கப் பிரசித்தம். பால்காரனுக்கு மராட்டியில் விழும், குப்பை வண்டிக்காரனுக்கு இந்தியில், எங்களுக்குத் தமிழில். காய்ச்சல் வந்தால் திட்டு. மார்க் குறைந்தால் திட்டு. மார்க் நிறைய வாங்கினால் ஊர் கண்ணு பட்டுடும் என்று அதற்கும் திட்டு. அம்மா ஒரு நாள் வாய் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், நாங்களே போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம்.

அப்பா அதற்கு நேரெதிர். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த அதே வெடிமருந்துத் தொழிற்சாலையில் அப்பாவும் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அம்மா பேசிவிடுவாள் என்று அத்தை கேலி செய்வாள். அப்பாவுக்கு இருந்தது ஒரே ஒரு பிடிவாதம், நள் தண்ணீர். நள் என்றால் எங்கள் கட்கித் தமிழில் குழாய். விடியும்போது கொஞ்ச நேரம்தான் வரும். மாடியில் டாங்கி வைத்து எத்தனையோ வருஷமாகிறது, பைப்பைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் கொட்டும். அப்பாவுக்கு அது தண்ணீரே இல்லை. இருட்டு பிரிவதற்குள் எழுந்து டிரம், பக்கெட் எல்லாம் நிரப்பிவிட்டுக் கடைசியாகக் குடிக்கிற தண்ணீருக்கென்று இருந்த ஸ்டீல் குடத்தை இரண்டு தரம் அலம்பிப் பிடிப்பார். அதைச் சமையலறை மேடைக்குக் கீழே வைத்து, தட்டு போட்டு மூடி, தட்டின்மேல் டம்ளரைக் கவிழ்ப்பார். தூக்கத்தில் அந்த டம்ளர் 'டிங்' என்று உட்காரும் சத்தம் கேட்டால் விடிந்துவிட்டது என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன். "கங்கையைக் கொண்டாந்து வச்சிட்டாருடி உங்கப்பா" என்று அம்மா படுக்கையிலிருந்தே ஆரம்பிப்பாள். ஆனால் அந்தக் குடத்தை அவளைவிடக் கண்டிப்பாகக் காவல் காத்தவர் யாருமில்லை. யாராவது டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு வீடு ரெண்டாகிவிடும்.

லேபில் என் நாட்கள் பாதித் தூக்கத்தில் நடப்பது போல இருக்கும். திரவ நைட்ரஜன் ஊற்றும்போது வெள்ளையாகப் புகை கிளம்பி மேஜை விளிம்பில் வழிந்து தரைக்கு இறங்கும். அதற்குள் நின்றுகொண்டிருந்தால் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே குன்று, குன்றின்மேல் மழை. சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு அலுமினியத் தட்டில் என் கலவையில் ஒரு துளி விட்டு மூடி, கருவிக்குள் வைப்பேன். பக்கத்திலேயே ஒன்றுமில்லாத வெறும் தட்டு ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் குளிரவைத்து ஒன்றாகச் சூடேற்ற வேண்டியது. என் துளி எப்போது சூட்டை வாங்குகிறது, எப்போது விடுகிறது என்று கருவி ஒரு கோடு இழுத்துக் காட்டும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே என் முப்பதுகளில் பாதி போய்விட்டது.

தண்ணீர் அதிகமாகவும் உப்பு கொஞ்சமாகவும் இருந்தால் ஒரு விசேஷமும் இல்லை. தண்ணீர் ஒழுங்காக ஐஸ் ஆகிவிடும். நடுத்தரமான கலவையில்தான் வேடிக்கை. தண்ணீர் ஐஸ் ஆகவேண்டும் என்றால் ஒரு மூலக்கூறு இன்னொரு மூலக்கூறைத் தேடிப் பிடித்து வரிசையில் நிற்கவேண்டும். நடுவில் என் தடித்தடியான அயனிகள் ஆளுக்கொன்றாகத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கட்கி ஸ்டேஷனில் லோக்கல் வரும் நேரத்துக் கூட்டத்தில் ஒரே வீட்டு ஆட்கள் பிரிந்து நிற்பது மாதிரி. அந்த நேரம் பார்த்துச் சட்டென்று குளிரை இறக்கினால், சின்ன வயசில் விளையாடுவோமே ஸ்டாச்சு, அதுதான் நடக்கிறது. யார் எங்கே நின்றார்களோ அங்கேயே நின்றுவிடுவார்கள். தொட்டுப் பார்த்தால் கெட்டியாக இருக்கும், ஐஸ் என்று நினைத்துக்கொள்வோம். ஐஸ் இல்லை, கண்ணாடி. உள்ளே இன்னும் திரவத்தின் அத்தனை குழப்பமும் அப்படியே இருக்கிறது, அசைய மட்டும் முடியவில்லை.

அப்புறம் மெல்லச் சூடேற்றுவேன். பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே, இன்னும் பயங்கரக் குளிர்தான், ஆனால் முன்னைக்கு இப்போது கொஞ்சம் இதம். அந்த இதத்தில் தண்ணீருக்குக் கைகால் வருகிறது. தேட ஆரம்பிக்கிறது. ஒன்றையொன்று கண்டுபிடிக்கிறது. அப்போதுதான், சூடேறிக்கொண்டிருக்கும்போதுதான், அது நிஜமாக உறைகிறது! உறையும்போது உள்ளே பிடித்து வைத்திருந்த சூட்டை வெளியே விடுகிறது, கோட்டில் ஒரு மேடு எழும்புகிறது. அதற்கப்புறம் இன்னும் சூடேற்றினால்தான் உருகும். முதல்முறை பார்த்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து மேடத்தைக் கூப்பிட ஓடினேன். மேடம் என்றால் என் கைடு, பேச்சைவிடச் சிரிப்பு அதிகமுள்ள மராட்டிக்காரர். அன்றைக்கும் சிரித்தார்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவில்லை. நான் பாஷாணிலிருந்து வந்து சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாள்.

துக்க வீட்டில் சாவுக்கு முன் பிடித்து வைத்த தண்ணீரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதும் அத்தையும் சித்தியும் டிரம், பக்கெட், அண்டா என்று கண்ணில் பட்டதையெல்லாம் கவிழ்த்துச் சந்தில் கொட்டினார்கள். அப்பா விடிகாலையில் பிடித்த தண்ணீர் முழுக்க வாசற்படியில் இறங்கி, செருப்புகளை நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. "எம்மாம் தைரியம் பாரு" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு அப்போதே என்னவோ போல இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகும் அழவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஆனால் திட்டவும் இல்லை. பால் தண்ணியாக வந்தது, "சரி" என்றாள். குப்பை வண்டி மூன்று நாளாக வரவில்லை, "சரி" என்றாள். நான் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். எடுத்துக் கொடியில் போட்டுவிட்டுப் பேசாமல் போனாள். பால்காரன் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஆயிக்கு, அதாவது அம்மாவுக்கு, உடம்புக்கு ஏதாவதா என்று மராட்டியில் கேட்டான். கேட்டதோடு இல்லை, பயந்துபோய் மறுநாளிலிருந்து நல்ல பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டான்! அதற்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு குறைந்தது. வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. யாரோ வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி மரியாதையாக, தொந்தரவில்லாமல் எங்கள் வீட்டில் வளைய வந்தாள்.

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சாரஸ்பாக் பிள்ளையாரைப் பார்க்கக் கூட்டிப்போனேன். மஸ்தானி வாங்கிக் கொடுத்தேன். டி.வி.யில் அவளுக்குப் பிடித்த சீரியலைச் சத்தமாக வைத்து, அதில் வரும் மாமியாரை நானே திட்டினேன். எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்றாள். மஸ்தானிக் கடையில் அப்படிச் சொன்னபோது அவள் கிளாஸில் ஐஸ்க்ரீம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது.

அண்ணன் ஊரின் மறுகோடியில், கராடியில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறான். பதினாலாவது மாடி வீடு. அவன் கெட்டவன் இல்லை. அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம், பேரப்பிள்ளைகளோடு இருந்தால் சரியாகிவிடுவாள், கட்கி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நானும் அங்கேயே வந்துவிடலாம் என்றான். டெம்போகூடப் பேசிவிட்டான். ஆடி மாசத்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு.

"ஆடியிலயாடா?" என்று நான்தான் கேட்டேன். ஆடி மாசத்தில் வீடு மாறுவதா? பழைய அம்மாவாக இருந்தால் அந்த டெம்போக்காரனுடைய குடும்பத்தையே இழுத்துத் தெருவில் போட்டிருப்பாள். இருவரும் அவளைப் பார்த்தோம். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே, "சரிப்பா" என்றாள்.

அம்மா கராடிக்குப் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. போவது அம்மாவாக இருக்கவேண்டும். இந்த 'சரி'தான் லிஃப்ட் ஏறிப் பதினாலாவது மாடிக்குப் போகும், அங்கே ஜன்னலோரம் உட்காரும், எல்லோரும் எவ்வளவு அமைதியான மனுஷி என்பார்கள், அதோடு என் அம்மா முடிந்தாள் என்று பயந்தேன்.

அந்த வாரங்களில்தான் லேபில் ஒரு தப்பு செய்தேன். என்னிடம் ஒரு கலவை இருந்தது. குளிரவைத்தாலும் சூடேற்றினாலும் அதில் மேடே எழும்பியதில்லை. கண்ணாடியாகும், இளகும், அவ்வளவுதான். 'இக்கலவை உறைவதில்லை' என்று என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். அன்றைக்குச் சூடேற்றும் வழியில் ஓரிடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லிக் கருவிக்குக் கட்டளை அடித்தேன். அம்மா மாத்திரை போட்டாளோ இல்லையோ என்ற நினைப்பில் ஒரு சைபரைக் கூடுதலாக அடித்துவிட்டேன் போல. அடித்துவிட்டுக் கட்கிக்கு பஸ் பிடித்துவிட்டேன். கருவி பாவம், சொன்ன பேச்சைத் தட்டாமல் மத்தியானம் முழுக்க அந்த இடத்திலேயே, ரொம்பக் குளிரும் இல்லாமல் சூடும் இல்லாமல், காத்திருந்திருக்கிறது.

மறுநாள் வந்து பார்த்தால் கோட்டில் மேடு. சின்னது, அகலமானது, தூக்கத்தில் ஒருவர் மூச்சு இழுத்துவிட்ட மாதிரி. உறைவதே இல்லை என்று நான் சத்தியம் செய்த கலவை உறைந்திருந்தது. என் அத்தியாயம் காலி. தலையில் அடித்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் திரையை வெகுநேரம் பார்த்தார். "தாம்ப் ஜரா" என்றார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். எனக்குச் சொன்னாரா, கலவைக்குச் சொன்னாரா தெரியாது. அப்புறம் சிரித்துக்கொண்டே, அது உறையாது என்று எழுதிவிட்டோம், நமக்குப் பொறுமை இல்லை என்று எழுதியிருக்கவேண்டும் என்றார்.

அன்று மாலை பஸ் ஜன்னலில் மழை ஓடிக்கொண்டிருந்தது. கட்கி வரும்வரை வெளியே ஒன்றும் தெரியவில்லை, விளக்குகள் மட்டும் மஞ்சளாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தன. அம்மா உறைந்துபோய்விட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, இல்லை, அவள் இன்னும் உறையவே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஸ்டாச்சு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பங்குனி மத்தியானத்தில் எங்கே நின்றாளோ அங்கேயே நிற்கிறாள். உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது. மனுஷியும் உப்புத்தண்ணியும் ஒன்றாடி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அந்த நினைப்பு இறங்க மறுத்தது. இறங்கவேண்டிய ஸ்டாப்பையும் விட்டுவிட்டு தாபோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

அதற்கப்புறம் அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரைக்காய் நார் எடுத்தேன், பூண்டு உரித்தேன். பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், வாய் எனக்கு அம்மா வழியில் வந்தது. பின்கட்டுத் தகரக் கூரையில் மழை பெய்துகொண்டே இருக்கும். சில நேரம் அவளுடைய முழங்கால் என் முழங்காலில் பட்டுக்கொண்டிருக்கும், அவள் நகர்த்திக்கொள்ள மாட்டாள். விளக்குப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் முருங்கைக்கீரையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "முத்தல்" என்றாள். அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

காலையிலிருந்தே சாமான் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா பின்கட்டில் அரிசியை மூட்டையில் கொட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கண்டோன்மென்ட்டிலிருந்து கையில் டார்ச்சோடு இரண்டு பெண்கள் வந்தார்கள். மழைக்காலம் என்றால் டெங்கு வராமலிருக்க வீடு வீடாக வந்து, தண்ணீர் தேக்கி வைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கப்போகிறது, தாராளமாகப் பாருங்கள் என்றேன். நான் தண்ணீரைப் படிக்கிறவள் அல்லவா, கொஞ்சம் கர்வத்தோடுதான் சொன்னேன்.

சாமான் அறையில் பழைய டிரங்குப் பெட்டியை அன்று காலைதான் நகர்த்தியிருந்தோம். அதற்குப் பின்னால், கிழிந்த கம்பளிக்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று ஏதோ மின்னியது. கம்பளியை இழுத்தேன். ஸ்டீல் குடம், அந்த அரை இருட்டில் எது என்று கவனிக்கவில்லை. வாய்க்குத் துணி கட்டி, அதன்மேல் தட்டு. தூக்கினால் கனம், உள்ளே தண்ணீர் தளும்பியது. "யே பானி கப் கா ஹை?" என்று அந்தப் பெண் கேட்டாள். எவ்வளவு நாள் தண்ணீரோ, எனக்கென்ன தெரியும்? தெரியாத, பழைய, தேங்கிய தண்ணீர் என்றால் என் மாதிரி லேப் ஆட்களுக்குக் கொட்டுவதற்குக் கை தானாகவே போகும். லேபில் நேற்றைய தண்ணீரைக்கூட இன்றைக்குத் தொடமாட்டோம். குடத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், துணியை அவிழ்த்து, சாய்த்துக் கொட்ட ஆரம்பித்தேன்.

அந்தச் சத்தம் பின்கட்டுக்குக் கேட்டிருக்கிறது.

"யாரைக் கேட்டுடி ஊத்தற?"

குடம் என் கையிலிருந்து நழுவி விழுந்து சுவரோரம் சாய்ந்து நின்றது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையெல்லாம் அரிசிமாவு. "யாரைக் கேட்டுடி ஊத்தற? உன்னை எவடி தொடச் சொன்னது? அது உங்கப்பா புடிச்ச தண்ணிடி! கடைசியா புடிச்ச தண்ணிடி, பாவி!"

அன்றைக்கு எல்லோரும் வாசலில் அப்பாவைச் சுற்றி நின்றபோது எப்படி நகர்த்தினாளோ, எந்த மூலையில் ஒளித்தாளோ. தீட்டு, எச்சில் என்றால் உயிரை வாங்குகிறவள், வழக்கத்தையெல்லாம் மீறித் துக்க வீட்டுத் தண்ணீரைக் கட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். இன்று காலை பெட்டியை நகர்த்தும்போதுகூட அந்தக் கம்பளியை அவள்தான் ஓரமாகத் தள்ளினாள்.

"படிச்சவளாம் படிச்சவ! தண்ணியப் பத்திப் படிக்கிறாளாம்! இது இன்னா தண்ணி, யாரு தண்ணின்னு கேக்கத் தெரியாத உனக்கெல்லாம் இன்னாடி படிப்பு? உங்கத்தையும் சித்தியும் மொத்தத்தையும் கொட்னாளுங்களே, ஒருத்தி என்னைக் கேட்டாளா? போற நேரத்துல ஒரு வாய் குடிக்காமப் போய்ட்டாரேடி... எல்லாத்தையும் ரொப்பி வச்சிட்டு, ஒரு வாய் குடிக்காமப் போய்ட்டாரேடி மனுஷன்..."

அம்மா ஈரத்தரையில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, அதனால் முதலில் அது அழுகை என்றே புரியவில்லை. பக்கத்தில் போனேன், அவள் மூச்சின் அனல் என் முகத்தில் அடித்தது. டார்ச்சோடு வந்த பெண்கள் சத்தமில்லாமல் நழுவிவிட்டார்கள். எதிர்வீட்டு மராட்டிக்கார மாவ்ஷி ஓடி வந்து அம்மாவின் தோளைப் பிடித்து, "ரடூ நகோ, ரடூ நகோ" என்று, அழாதே அழாதே என்று தடவிக்கொடுத்தாள். நான் மாவ்ஷியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ரடூ த்யா, மாவ்ஷி" என்றேன். அழட்டும், விடுங்கள். மேடு எழும்பும்போது மறுபடி குளிரவைக்கக் கூடாது. எவ்வளவோ பயத்துக்கு நடுவிலும் எனக்கு அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

அண்ணன் போன் செய்தான். டெம்போவோடு கிளம்பிவிட்டானாம், பாதி வழியில் டிராஃபிக்கில் நிற்கிறானாம். "அங்க என்ன சத்தம்? அம்மாக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அம்மா திட்றாடா."

"என்ன?"

"என்னைத் திட்றாடா. நல்லா, முழுசா திட்றா."

ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அண்ணன், "நிஜமாவா?" என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது.

அம்மா எவ்வளவு நேரம் அழுதாள் என்று தெரியாது. மழை விட்டு, மறுபடி பிடித்தது. மாவ்ஷி போய்விட்டாள். நான் அதே ஈரத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மன்னித்துக்கொள் என்று சொன்னால் அதற்கும் திட்டுவாள் என்று தெரியும். திட்டட்டுமே என்று அதையும் சொல்லிப் பார்த்தேன். "வாய மூடு" என்றாள். மூக்கைச் சிந்தினாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரோரம் சாய்ந்திருந்த குடத்தை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டிப் பார்த்தாள்.

அடி வயிற்றில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

சமையலறைக்குப் போய், கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்து அந்த டம்ளரைத் தேடி எடுத்தாள். துணியால் வடிகட்டி ஊற்றினாள். முக்கால் டம்ளர் வந்தது. "குடிக்காதம்மா, புழு இருக்கும்" என்றேன். "இருந்தா இருக்கட்டும்" என்றாள். அண்ணாந்து, உதட்டில் படாமல், ஒரு வாய் விட்டுக்கொண்டாள். கண்ணை மூடி விழுங்கினாள்.

"தகர வாடை அடிக்குது" என்றாள். "உங்கப்பா இருந்தா இந்தக் கண்றாவியக் குடிக்க வுட்டிருப்பாரா?" அப்படிச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மறுபடி கண்ணும் வழிந்தது. டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

மூன்று தரம் வாலைவடித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் நம்பாதவள் நான். வாங்கி அண்ணாந்தேன். பாதி வாய்க்குள் போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

"ஒழுங்காக் குடிடி! மேலெல்லாம் ஊத்திகினு. வாய் வெக்காத, எச்சை பண்ணாத. முழுசும் கவுத்துக்காத, உங்கண்ணனுக்குக் கொஞ்சம் வை."

வைத்தேன். டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கட்டிய மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அம்மா அரிசி மூட்டையை அவிழ்த்து மறுபடி டப்பாவில் கொட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சந்து முனையில் டெம்போ ஹாரன் அடித்தது. என்னை முந்திக்கொண்டு அம்மா வாசலுக்குப் போனாள்.

"ஆடி மாசத்துல வூடு மாத்த வந்துட்டான் பாரு, அறிவு கெட்டவன்! வண்டியத் திருப்பி அனுப்புடா மொதல்ல. செருப்ப அங்கயே வுட்டுட்டு உள்ள வா. தண்ணி குடி."